ஆகாய விமான யந்திரத்தில் எரிபொருட் பங்கீடு

தமிழ் பயிலும் மாணவனுக்கு யந்திரத்தோடு என்ன உறவு என்று இம்மலரைப் புரட்டும் நண்பர் சிலர் வினவக்கூடும். அவர்க்கு விடை கூறிவிட்டே மேற்செல்ல வேண்டும். சென்ற விடுமுறைக்கு முன், விடுதியில் என்னோடு உடனுறையும் பௌதிக மாணவர் ஒருவர் ஆகாய விமான யந்திரத்தின் படம் ஒன்றை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். நடுவே ஒரு பெருங்குழாய். அதனின்று இருபுறமும் கிளைத்துச் செல்லும் சிறு குழாய்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிலிண்டர். அதனைக் கண்டவுடன், "இஃது எங்கள் ஊர் வாய்க்கால் அன்றோ!" என்றேன். அவர் நகைத்தார். பின்பு, "உங்கள் வாய்க்காலில் எல்லா வயலுக்கும் தண்ணீர் ஒருபடியாகப் பாய்கிறதா?" என்று கேட்டார். தலைமடைக்காரர் வேண்டுமட்டும் பாய்ச்சிக்கொள்ள, கடைமடைக்காரர் மண்வெட்டியுடன் நள்ளிரவிற் காவல் கிடப்பதை நான் அறிவேன். என் தந்தையாரின் நிலம் கடைமடையில் உள்ளது. "இல்லை" என்றேன். "இங்கும் இல்லை. இந்த யந்திரம் பிறந்த நாள்முதல் நடந்துவரும் வழக்கே அதுதான்" என்றார் அவர். அவ்வழக்கை விசாரிக்கப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

இன்று கடல் கடந்து செல்லும் பெரிய விமானங்கள் ஜெட் யந்திரத்தால் ஓடுகின்றன. ஆயினும் பறக்கக் கற்போர் ஏறும் சிறு விமானங்களிற் பெரும்பாலானவை இன்றும் பிஸ்டன் யந்திரம் பூண்டவையே. சிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து உட்புகும். அது மேலேறும்போது கலவை நெருக்குண்ணும். மின்பொறி பட்டவுடன் தீப்பற்றி விரிந்து பிஸ்டனைத் தள்ளும். எரிந்த புகை வெளியேறும். மோட்டார் வண்டியிலும் நிகழ்வது இதுவே ஆதலின் இதனை விரித்தல் வேண்டா.

நாம் கருதவேண்டுவது அக்கலவையின் அளவு. பெட்ரோலும் காற்றும் ஒன்றும் எஞ்சாமல் எரிவதற்கு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு நிறையளவில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். 12 அல்லது 13 பங்கு காற்றாயின் யந்திரம் மிகுந்த வலிமை தரும். பெட்ரோல் மிக்கதைச் செறிந்த கலவை என்றும், காற்று மிக்கதை மெலிந்த கலவை என்றும் இக்கட்டுரையில் வழங்குவேன். இவ்விரண்டு பக்கத்திலும் எல்லை கடந்தால் தீப்பற்றுவதே அரிதாகும். இனி, "விமானத்தின் யந்திரம்" என்று நாம் ஒருமையிற் கூறுகிறோமே, அஃது இலக்கணத்திற்கு ஒக்குமேயன்றிப் பொருளுக்கு ஒவ்வாது. 6 சிலிண்டர் உடைய யந்திரம் உண்மையில் 6 யந்திரங்களின் கூட்டம்; ஒரே நுகத்திற் பூட்டிய 6 எருதுகள் போல்வது. ஒவ்வோர் எருதுக்கும் தனித்தனியே தீனி சென்று சேரவேண்டும். ஆனால் தீனி வைப்பவர் கையிலுள்ள பாத்திரமோ பெரும்பாலும் ஒன்றே.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், அமெரிக்காவிற் கிட்டி ஹாக் என்னும் ஊரை அடுத்த மணல்வெளியில் ரைட் சகோதரர் பறந்தபோது, அவர்தம் தொழிலாளராகிய சார்லஸ் டெய்லர் செய்துகொடுத்த யந்திரம் 4 சிலிண்டர் உடையது. ஏறக்குறைய 12 குதிரைச்சக்தி தந்தது. இன்று கார்புரேட்டர் என்று சொல்லப்படும் கருவி அதில் இல்லை. உயரத்திற் கட்டிய சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் பாரத்தாலேயே இறங்கி, காற்று நுழையும் வழியிற் சொட்டும். யந்திரத்தின் சூடேறிய மேற்பரப்பிற் பரந்து ஆவியாகும். அவ்வாவி காற்றோடு கலந்து 4 சிலிண்டருக்கும் செல்லும். எதற்கு எவ்வளவு என்று கேட்பார் இல்லை. அன்றைய பறப்புக்களில் நீண்டது 59 விநாடி. கடந்த தூரம் 852 அடி. அத்துணைச் சிறு பொழுதிற்கு அந்தப் பங்கீடு போதுமாயிருந்தது.

சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சுக்காரர் வேறொரு விந்தையான வழியைக் கையாண்டனர். 1909-இற் புகழ்பெற்ற நோம் என்னும் 7 சிலிண்டர் யந்திரத்தில், நடுத்தண்டு அசையாது நிற்க, சிலிண்டர்கள் யாவும் விசிறியோடு சேர்ந்து சக்கரம்போற் சுழலும். கலவை, துளையுள்ள அந்நடுத்தண்டின் வழியே புகுந்து நடு அறையை அடைந்து, அங்கிருந்து எல்லாச் சிலிண்டருக்கும் பரவும். நடுவினின்று எல்லாம் ஒரே தூரத்தில் இருத்தலின் தலைமடை கடைமடை என்னும் பேதம் இல்லை. ஆனால் மசகெண்ணெயும் அவ்வழியே செல்லவேண்டியிருந்தது. பெட்ரோலில் எளிதிற் கரையாத எண்ணெய் எது என்று தேடியவர்கள் ஆமணக்கெண்ணெயைக் கண்டெடுத்தனர். அவ்வெண்ணெய் எரியாமலே புகையோடு வெளிப்பட்டு விமானியின் முகத்திற் படியும். நம் வீட்டில் ஆமணக்கெண்ணெய் எதற்குக் கொடுக்கப்படும் என்பதை அறிந்தோர், அவ்விமானிகள்பால் இரக்கம் கொள்ளாதிருத்தல் அரிது.

நிலையாக நின்ற முறை கார்புரேட்டர் முறையே. காற்று ஓர் இடுங்கிய கழுத்தின் வழியே விரைந்து செல்லும். விரைவு மிகுந்த இடத்தில் அழுத்தம் குறையும். அக்குறைவு பக்கத்திலுள்ள சிறு அறையிலிருந்து பெட்ரோலை நுண்துளை வழியாக ஈர்க்கும். அறையிற் பெட்ரோலின் மட்டம் ஏறாமலும் இறங்காமலும் ஒரு மிதவை காக்கும். இதுவரை அழகிய ஏற்பாடு. எவ்வளவு காற்றோ அதற்கேற்ற பெட்ரோல். மொத்தக் கணக்கிற் பிழையில்லை. பிழை, கணக்கிட்ட பின்னர்ப் பங்கிடும்போதே புகுகின்றது.

அதற்குக் காரணம், குழாயிற் செல்வது ஒரே பொருள் அன்று. காற்று செல்கிறது, பெட்ரோலின் ஆவி செல்கிறது, ஆவியாகாத பெட்ரோல் துளிகள் செல்கின்றன, குழாயின் சுவரை ஒட்டி மெல்லிய படலமாகவும் பெட்ரோல் ஊர்ந்து செல்கிறது. காற்று இலேசானது, குழாய் திரும்புமிடத்திற் கூடவே திரும்பிவிடும். துளியோ பாரமுடையது, நேரே சென்று சுவரில் மோதும். எனவே கிளை பிரியுமிடந்தோறும், திரும்பும் கிளைக்குக் காற்று மிகுதியும் நேர் கிளைக்குப் பெட்ரோல் மிகுதியும் ஆகின்றன. காற்றின் அளவை அடைத்தும் திறந்தும் கட்டுப்படுத்தும் தகடு சாய்ந்து நின்றால், துளிகள் அதன் மேற் பட்டு ஒரு பக்கமே ஒதுங்கும். இஃதன்றியும், சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறிஞ்சுகின்றன. ஒன்று உறிஞ்சி முடிப்பதற்குள் அயலிலுள்ளது உறிஞ்சத் தொடங்கினால், முன்னதன் பங்கிற் சிறிது பின்னதற்குப் போய்விடும். எங்கள் ஊரில் மடை மாற்றும் நேரத்தில் நடக்கும் பூசலும் இதுவே. ஆனால் வாய்க்காலில் ஓடுவது தண்ணீர் ஒன்றுதான். இங்கோ, ஓடும்போதே பிரியும் இரண்டு பொருள்கள். ஆதலின் இங்கே வழக்கு இன்னும் சிக்கலானது.

இப்படிப் பங்கு பிசகினால் வருவது யாது? புறப்பாட்டில் யந்திரம் முழுவலிமையோடு உழைக்கும்போது, மெலிந்த பங்கு பெற்ற சிலிண்டர் ஏனையவற்றினும் சூடேறும். சூடு மிகுந்தால் கலவை சீராக எரிவதை விட்டுத் திடீரென்று ஒருங்கே வெடிக்கும். அவ்வெடி தொடர்ந்தால் பிஸ்டனின் தலை சிதையும். மற்ற ஐந்தும் நலமாயிருத்தலால் விமானிக்கு உடனே ஒன்றும் தெரியாமற் போகலாம். தரையில் ஓடும் வண்டியாயின் ஓரமாக நிறுத்திவிடலாம். ஆகாயத்தில் ஓரம் என்பது இல்லை.

நீண்ட வழியிற் பறக்கும்போது துன்பம் வேறு விதமானது. விமானி தம் முன்னுள்ள சிவப்புக் குமிழை இழுத்துக் கலவையை மெலிவிக்கிறார். எல்லாச் சிலிண்டரும் செறிந்த பக்கத்தில் இருக்குமளவும், ஒன்றிற்குப் பெட்ரோல் சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் வலிமையில் வேறுபாடு மிகச் சிறியதே. எரிவதற்குரிய காற்று எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒத்திருத்தலின், மிகுந்த பெட்ரோல் வீணே கழியும். பங்கீட்டின் குறை அங்கே மறைந்து கிடக்கும். மெலிந்த பக்கத்தை அடைந்தவுடனே நிலைமை மாறுகின்றது. அங்கே பெட்ரோல் சிறிது குறையினும் வலிமை விரைந்து இறங்கும். ஆறனுள் மிக மெலிந்த சிலிண்டர் முதலில் தளர, நுகத்தில் ஓரெருது தடுமாறினாற்போல யந்திரம் முழுவதும் அதிரும். விமானி அஞ்சிச் சிவப்புக் குமிழை மீண்டும் உள்ளே தள்ளுவார். ஒன்றன் பசியைத் தீர்ப்பதற்காக ஆறிற்கும் மிகுதியாக ஊட்ட வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளாகச் சிறு விமானங்களில் நடந்துவந்தது இதுவே. "கலவையை மெலிவித்தால் யந்திரம் அதிரும்" என்று விமானிகள் சொல்லிவந்தனர். அதிர்வுக்குக் காரணம் மெலிவு அன்று, மெலிவிலே ஏற்றத்தாழ்வு என்பது பெரும்பாலோர்க்குப் புலப்படவில்லை.

அமெரிக்காவில் கான்டினென்டல் நிறுவனத்தார் செய்த ஓ-470 என்னும் 6 சிலிண்டர் யந்திரம், செஸ்னா 182 என்னும் விமானத்திற் பெருவழக்காக ஓடியது. அது கார்புரேட்டர் யந்திரம், உழைப்பிற் சிறந்தது, பங்கீட்டிலோ பேர் கெட்டது. அதனை ஓட்டுவோர் ஒரு தந்திரம் செய்வதுண்டு. காற்றடைக்கும் தகட்டை முழுவதும் திறவாமற் சிறிது சாய்த்து வைத்து, உட்செல்லும் காற்றிற் கொஞ்சம் சூடான காற்றைக் கலப்பர். சாய்ந்த தகடு காற்றைச் சுழிக்கச் செய்யும். சூடு துளிகளை ஆவியாக்கும். ஆவியானது காற்றோடு ஒத்துத் திரும்பும். அதிர்வு அடங்கிவிடும். இதனைப் படித்தபோது, வாய்க்காலிற் புற்பத்தையை வைத்து நீரைத் திருப்பும் கிழவர்களின் நினைவு எனக்கு வந்தது.

அச்சூடான காற்று முதலில் ஏற்பட்டது வேறொரு காரணத்திற்காக. பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று இடுங்கிய கழுத்தில் விரியும்போதும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். கழுத்தின் உஷ்ணம் 30 டிகிரி அளவும் இறங்கிவிடக் கூடும். ஆகவே வெளியில் 20 டிகிரி உஷ்ணமுள்ள ஈரநாளிலும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி உறைந்து வழியை அடைக்கும். உயரத்தில் நேரும் தொல்லை மற்றொன்று: 18,000 அடியிற் காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதிற் பாதியே, கார்புரேட்டரோ காற்றின் நிறையை அறியாது, ஆகவே மேலேற மேலேறக் கலவை தானே செறிந்துவிடும். சிவப்புக் குமிழ் தோன்றியதே இதற்காகத்தான்.

1940-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வானத்தில் நடந்த போரிலே கார்புரேட்டரின் மற்றொரு குறை உயிர்ப்பொருளாயிற்று. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்த மெர்லின் யந்திரம் மிதவைக் கார்புரேட்டர் உடையது. விமானி மூக்கைத் தாழ்த்தித் திடீரென்று கீழே பாய்ந்தால், அறையிலுள்ள பெட்ரோல் அடியை விட்டு மேலே எழும்பும். நுண்துளைக்கு ஒன்றும் கிடைக்காமல் யந்திரம் விக்கும். அடுத்த கணத்தில் மிதவை நிலைதவறிப் பெட்ரோல் வெள்ளமாகப் புகுந்து, கரும்புகை கக்கி யந்திரம் திணறும். எதிர்த்து வந்த ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டைம்லர் பென்ஸ் யந்திரத்திலோ கார்புரேட்டரே இல்லை. பாஷ் நிறுவனத்தாரின் பம்பு ஒன்று 12 சிலிண்டருக்கும் தனித்தனியே அளந்து, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள்ளேயே பீச்சியது. அது தலைகீழாகவும் பாயும். பின்தொடரும் ஆங்கில விமானி தம் விமானத்தை முதலில் உருட்டித் திருப்பிக்கொண்டே பாயவேண்டும். அதற்குள் பகைவர் அகன்றுவிடுவார்.

இதற்குத் தற்காலிக மாற்றுக் கண்டவர் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண்மணி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டிப் பரிசு பெற்றவர் அவர். யந்திரம் முழுவலிமையில் உண்ணக்கூடிய பெட்ரோலுக்கு மேல் ஒரு துளியும் செல்லாதவாறு, துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு ஒன்றை எரிபொருட் குழாயிற் பொருத்தினார். வெள்ளம் தடைப்பட்டது. 1941-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவரும் சிறு குழுவினரும் விமான நிலையந்தோறும் சென்று அதனைப் பொருத்தினர். யந்திரத்தைக் கழற்றவேண்டிய அவசியமும் இல்லாதிருந்தது. இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஆயினும் மெர்லினைச் செய்தவர்கள் அறியாமையாற் கார்புரேட்டரைக் கைக்கொண்டார்கள் என்று எண்ணிவிடலாகாது. பெட்ரோல் காற்றழுத்தும் விசிறிக்கு முன்பே ஆவியானால் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று செறிவுடையது. அதனால் வலிமை கூடும். அந்த இலாபத்தை இழக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை.

மெலிந்த கலவையின் பயனை 1944-இற் பசிபிக் போர்முனையில் எடுத்துக்காட்டியவர் சார்லஸ் லிண்ட்பெர்க். அட்லாண்டிக்கைத் தனியே கடந்த அவரே. அப்போது அவர் படைவீரர் அல்லர். விமானங்களின் இயல்பை ஆராயவந்த தனி மனிதர். சுழற்சியைக் குறைத்து, காற்றின் அழுத்தத்தை உயர்த்தி, கலவையை மெலிவித்து ஓட்டுமாறு பி-38 விமானிகளுக்கு அவர் கற்பித்தார். யந்திரம் கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சினர். கெடவில்லை, முன்னினும் நெடுந்தூரம் சென்று திரும்பும் ஆற்றல் அவர்களுக்குக் கிடைத்தது. 1950-களில் அட்லாண்டிக்கைக் கடந்த டி.சி.-7, சூப்பர் கான்ஸ்டலேஷன் என்னும் பெருவிமானங்களின் 18 சிலிண்டர் ரைட் யந்திரங்களிலோ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பு தனித்தனியே அளந்து பீச்சியது. பங்கீடு செவ்வையாயிருத்தலின், யந்திரப் பொறியாளர் வலிமைமானியைப் பார்த்துக்கொண்டே உச்சத்துக்கு அப்பால் மெலிந்த பக்கத்திற்குத் துணிந்து செல்வார். அப்பெரிய யந்திரங்களை ஜெட் வந்து ஓய்வுபெறச் செய்தது. அவற்றோடு அந்தப் பழக்கமும் பெரும்பாலும் மறைந்தது.

சிறு விமானங்களில் எஞ்சியது வேறு வகைப் பீச்சுமுறை. யந்திரத்தின் உச்சியில் ஒரு சிறு பங்கீட்டுக் குமிழ். அதனின்று சிலந்தியின் கால்கள்போல் 6 மெல்லிய உலோகக் குழாய்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் நுண்துளை. அத்துளை சிலிண்டருக்குள் அன்று, அதன் வால்வுக்கு வெளியே, இடைவிடாது பெட்ரோலைத் தெளிக்கும். 6 துளைகளும் ஒரே அளவு. ஆகவே வழக்கு தீர்ந்தது என்று எல்லாரும் எண்ணினர். துளைகளைச் சோதித்தால் 6-உம் ஒத்திருந்தன. யந்திரமோ மெலிவித்தபோது முன்போலவே அதிர்ந்தது.

1990-களில் ஒக்லஹோமா மாநிலத்து ஏடா நகரில், ஜி.ஏ.எம்.ஐ. என்னும் சிறு நிறுவனத்தார் ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்குழாயிலும் உஷ்ணமானி வைத்து இதனை ஆராய்ந்தனர். கலவையை மெல்ல மெல்ல மெலிவித்தால் புகையின் உஷ்ணம் ஏறி, ஓர் உச்சத்தை அடைந்து, பின் இறங்கும். 6 சிலிண்டரும் ஒரே நேரத்தில் உச்சத்தை அடைய வேண்டும், அடையவில்லை. காரணம் யாதெனின், வால்வு மூடியிருக்கும்போதும் தெளிப்பு நிற்பதில்லை அன்றோ? அங்குத் தேங்கும் ஆவி, பொதுக்குழாயில் ஓடும் காற்றோடு சேர்ந்து, கீழ்ப்புறத்துச் சிலிண்டருக்குப் போய்விடுகிறது. மேற்புறத்தது இழக்கிறது, கீழ்ப்புறத்தது தன் பங்கோடு அயலார் பங்கையும் உண்கிறது. என் வாய்க்கால் உவமை இங்கே முற்றும் கவிழ்ந்துவிட்டது: இந்த யந்திரத்தில் இழப்பது தலைமடை, கொழிப்பது கடைமடை!

அவர்கள் செய்த பரிகாரம் என் நண்பர் சொன்னபோது எனக்கு முதலில் முறைகேடாகவே தோன்றியது. ஒரே அளவாயிருந்த 6 துளைகளையும் வேண்டுமென்றே வேறு வேறு அளவாக்கினர். இழக்கும் சிலிண்டருக்குப் பெரிய துளை, கொழிக்கும் சிலிண்டருக்குச் சிறிய துளை. "இது நியாயமா?" என்றேன். "துளையை அளக்கவேண்டும் என்பது உன் கொள்கை; உள்ளே சேர்வதை அளக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை" என்றார். துளைகள் ஏறுமாறாயின, கலவை ஒன்றாயிற்று. மெலிந்த பக்கத்திலும் யந்திரம் அதிராது ஓடிற்று.

இதனைச் சோதிக்கும் முறையும் எளிதே. விமானி வேண்டிய உயரத்தில் நேராகப் பறந்துகொண்டு, சிவப்புக் குமிழை மிகப் பொறுமையோடு இழுத்துவருவார். எந்தச் சிலிண்டர் உச்சத்தை அடைகிறதோ, அப்போது மணிக்கு எத்தனை காலன் பெட்ரோல் செல்கிறது என்று முழங்கால்மேல் வைத்த தாளிற் குறித்துக்கொள்வார். இவ்வாறு 6 எண்கள். முதலில் உச்சம் கண்ட சிலிண்டருக்கும் கடைசியிற் கண்டதற்கும் இடையே அரைக் காலனுக்கு மேல் வேறுபாடில்லையாயின், பங்கீடு செவ்வையே. ஒன்றரைக் காலன் என்று கண்டால், தரையிறங்கியதும் அத்தாளை யந்திரத் தொழிலாளரிடம் கொடுத்து, எந்தத் துளையை மாற்றவேண்டும் என்று இருவரும் அதன்மேற் குனிந்துகொண்டு பேசுவர்.